மூன்று கிணறுகளின் கணக்கு

வலிகாமத்துக் கிராமமொன்றிலிருந்து சகோதரி ஒருவர் எழுதிய கடிதம் சென்ற கிழமை என் கைக்கு எட்டியது. அவருடைய மகன் பத்தாந் தரத்திற் படிக்கின்றான். பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர், "உங்கள் ஊர்க் கிணறுகளின் நீரை ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதி வாருங்கள்" என்று பணித்துவிட்டாராம். தாயாருக்கு இது வீண்வேலையாகத் தோன்றுகின்றது. "எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி போன்றது. அடியிற் கிடக்கும் கல் மேலிருந்தே தெரியும். நாலு தலைமுறையாகக் குடித்து வருகின்றோம். இதில் ஆராய என்ன இருக்கின்றது? கணக்குப் படிக்க வேண்டிய நேரத்திற் பிள்ளை வாளியுங் கயிறுமாக ஊரைச் சுற்றுகின்றான்" என்று குறைப்பட்டுக்கொண்டு, கடித முடிவில் வேறொரு செய்தியையும் சேர்த்திருக்கின்றார். மூத்த மகள் பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருக்கின்றாளாம். தை மாதத்திற் பேறு. "குழந்தைக்குப் பால்மா கரைப்பதானாலும் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் கொடுப்போம், ஆகையாற் பயமில்லை" என்கின்றார்.

கடிதத்தின் முற்பகுதிக்கும் பிற்பகுதிக்கும் தொடர்பில்லை என்று அச்சகோதரி எண்ணுகின்றார். தொடர்பு உண்டு. தம்பி வாளியுங் கயிறுமாகத் தேடித் திரிகின்ற பொருள், தமக்கையின் குழந்தைக்குக் கரைக்கப்போகும் பாலிலே இருக்கக்கூடும். கொதிக்க வைத்தால் அது போய்விடாது என்பதே இதில் வருந்தத்தக்க சங்கதி.

முதலில் நம் நிலத்தடியைச் சற்று நோக்குவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு என்று நாம் பெயர் சொல்வதும் மாரியில் ஓடிக் கோடையில் மறைவதே. ஐப்பசி தொடங்கி மார்கழி வரையிற் பெய்யும் மழையின் ஒரு பகுதி மண்ணினூடே இறங்கி, அதன் கீழுள்ள சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்களிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. கடற்பக்கமிருந்து அப்பாறைக்குள் உவர்நீரும் புகுந்திருக்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் இலேசானது. ஆதலின் அதன்மேல் ஒரு வில்லையைப்போல மிதக்கின்றது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை நம்மவர் நெடுங்காலமாக அறிவர். அவ்வில்லைதான் நமது ஆறு, நமது ஏரி, நமது குளம் எல்லாம். குடிப்பதும் அதிலிருந்து, வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இறைப்பதும் அதிலிருந்து. நாம் நிலத்தின்மேல் இடும் பசளையுஞ் சாணமும் மலசலகூடக் குழியின் கசிவும் மழையோடு கரைந்து சென்று சேருவதும் அதற்குள்ளேதான். உண்ணும் கலத்திலேயே கை கழுவுவது போன்ற வாழ்க்கை இது.

இப்படிச் சேருவனவற்றுள் ஒன்று நைத்திரேற்று. யூரியா முதலிய பசளைகளிலும், மாட்டெருவிலும், மனிதக் கழிவிலும் உள்ள நைதரசன் மண்ணிலே மாறி நைத்திரேற்று ஆகின்றது. பயிர் உண்டது போக எஞ்சியது நீரோடு கீழிறங்குகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, நாவுக்கு எட்டும் சுவையுமில்லை. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டிற் கமம் நெருங்கிய இடங்களில் அவ்வெல்லையைத் தாண்டிய கிணறுகள் பல உள என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பெரியவர்களுக்கு இதனால் உடனடியாக வருந் துன்பம் அதிகமில்லை. கைக்குழந்தைகளின் நிலை வேறு. 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஹன்ரர் கொம்லி என்னும் வைத்தியர், பண்ணைக் கிணற்று நீரிற் பால் கரைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் உடல் நீலம் பாரித்து வந்ததை எழுதி வெளியிட்டார். இதயத்திற் குறையென்று பார்த்தால் இதயத்திற் குறையில்லை; குறை கிணற்றிலே இருந்தது. நைத்திரேற்று உடலினுள்ளே நைத்திரைற்றாக மாறிக் குருதியின் ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்கின்றது. அவ்வீமோகுளோபின் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கின்றது. முதற் சில மாதங்களில் உள்ள குழந்தைகளுக்கே இதனால் ஆபத்து அதிகம். வயிற்றோட்டம் முதலிய நோய்களும் சேர்ந்தால் நிலை மோசமாகும் என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின. தாய்ப்பால் மாத்திரம் அருந்துங் குழந்தைக்கு இப்பயம் மிகக் குறைவு. தண்ணீரைக் கொதிக்க வைத்தாற் கிருமிகள் சாகும். நைத்திரேற்றோ உயிருள்ள பொருளன்று, அது சாவதற்கில்லை. நீர் ஆவியாகி அளவு குறையக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்கின்றது.

சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014, 2015ஆம் ஆண்டுகளிற் பெரும் பிரச்சினையாகி, 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரையிற் சென்றதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எண்ணெய் நீரில் மிதக்கும்; நாறும்; ஆகவே ஊர் விழித்துக்கொண்டது. நைத்திரேற்று மிதப்பதுமில்லை, நாறுவதுமில்லை.

கண்ணாடி போன்ற தண்ணீரை நம்பி மாண்டவர்களின் கதை ஒன்று உண்டு. அதை விஞ்ஞான வகுப்புக்களில் விரிவாகச் சொல்லவேண்டும் என்பது என் நெடுநாளைய எண்ணம். 1854ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத முடிவில், இலண்டன் மாநகரின் சோஹோ என்னும் பகுதியில் வாந்திபேதி கொள்ளைநோயாகப் பரவியது. பத்தே நாளில் ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். கெட்ட காற்றினால் அந்நோய் வருகின்றதென்பது அக்கால வைத்தியர்களிற் பெரும்பாலாரின் நம்பிக்கை. ஜோன் சினோ என்னும் வைத்தியரோ நீரைச் சந்தேகித்தார். மாண்டவர்களின் வீடுகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சென்று விசாரித்தார். பெரும்பாலோர் புறோட் வீதியிலுள்ள பொதுக் கிணற்றுப் பம்பியிலே நீர் எடுத்தவர்கள். அந்நீர் தெளிவானது, சுவையானது என்று பெயர்பெற்றது!

சினோவின் பெருமை அந்தப் பம்பியைச் சுட்டிக்காட்டியதில் மாத்திரம் இல்லை என்பது என் கருத்து. தம் கொள்கைக்குப் பொருந்தாதவர்களை அவர் தேடிச் சென்றார்; அதுவே பெருமை. பம்பிக்கு அண்மையில் 535 பேர் வாழ்ந்த ஏழைகள் விடுதியில் ஐவர் மாத்திரம் மாண்டனர். ஏன்? அவ்விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தது. அதே வீதியிலுள்ள மதுவடிசாலையில் எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளரில் ஒருவரும் மாளவில்லை. ஏன்? அவர்களுக்கு அங்கே பியர் இலவசமாகக் கிடைத்தது; வீதிக் கிணற்று நீரை அவர்கள் நாடவில்லை. பல மைல்களுக்கப்பால் ஹாம்ஸ்ரெட் என்னும் இடத்தில் ஒரு மூதாட்டி மாண்டார். அங்கே வேறெவருக்கும் நோயில்லை. ஏன்? முன்பு புறோட் வீதியில் வாழ்ந்த அவருக்கு அந்நீரின் சுவையில் ஆசை. நாள்தோறும் ஒரு போத்தலில் வருவித்துக் குடித்துவந்தார். செப்ரெம்பர் 8ஆந் திகதி பம்பியின் கைபிடி கழற்றப்பட்டது. அப்போது நோய் தானாகவே தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் சினோ மறைக்கவில்லை.

அப்பகுதிக் கிறிஸ்தவ குரு ஹென்றி வைற்ஹெட் என்பவர் சினோவின் கொள்கையை நம்பாதவர். அது பிழையென்று காட்டும் நோக்கத்துடன் தாமும் வீடுவீடாகச் சென்று விசாரித்தார். அவர் கண்டதோ அக்கொள்கைக்கு இல்லாதிருந்த கடைசிச் சான்று. பம்பிக்கு எதிரேயுள்ள 40ஆம் இலக்க வீட்டில் ஒரு கைக்குழந்தை வயிற்றோட்டத்தால் மாண்டிருந்தது. அதன் துணிகளைக் கழுவிய நீரைத் தாய் வீட்டின் கழிவுக் குழியிலே ஊற்றியிருந்தாள். 1855இல் அவ்விடத்தைத் தோண்டிப் பார்த்தபோது, குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்று அடி தூரங்கூட இருக்கவில்லை. குழியின் செங்கற்கட்டு உக்கிப் போயிருந்தது.

இவற்றை ஆசிரியர் சொல்லக் கேட்டுக் குறிப்பெழுதுவது ஒரு படிப்பு. பிள்ளை தானே சினோவாகித் தடுமாறுவது வேறொரு படிப்பு. கலிபோர்ணியாவில் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லோறன்ஸ் விஞ்ஞான மண்டபத்தார், புரூட்வேல் என்றொரு கற்பனைப் பட்டினத்தைப் படைத்து, அதன் கிணற்று நீர் மாசுபட்டதாக ஒரு பாடத்தை அமைத்திருக்கின்றனர். மாணவர் நீரைச் சோதித்து, அளவுகளைப் படத்திற் குறித்து, மாசு எங்கே தொடங்கி எவ்வளவு தூரம் பரவியது என்று கண்டுபிடிக்கவேண்டும். விடையை ஆசிரியர் சொல்லமாட்டார். இதைப் போன்றதொன்றை நம் வீட்டு முற்றத்திலேயே செய்து பார்க்கலாம். செலவும் அதிகமில்லை.

முதலில் ஆறு கண்ணாடிக் குவளைகளை வரிசையாக வைத்துக்கொள்க. கேசரிக்கு இடும் சிவப்புச் சாயத்தில் ஒரு பங்கு எடுத்து ஒன்பது பங்கு நீரோடு முதற் குவளையிற் கலக்கவேண்டும். அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி ஒன்பது பங்கு நீரோடு இரண்டாங் குவளையில். இப்படியே ஆறாவது வரையில். முதலாவதில் பத்தில் ஒன்று. இரண்டாவதில் நூறில் ஒன்று. ஆறாவதில் பத்து இலட்சத்தில் ஒன்று. நாலாம் ஐந்தாங் குவளைகளை எட்டும்போது நிறம் மங்கி, ஆறாவது வெறுந் தண்ணீர்போலத் தோன்றும். வீட்டிலுள்ள சின்னஞ்சிறுசுகளை அழைத்து, "இதிற் சாயம் இருக்கின்றதா?" என்று கேளுங்கள். இல்லையென்பார்கள். ஆனால் நாமே நம் கையால் ஊற்றினோமே! (கடையில் வாங்குஞ் சாயமே ஏற்கெனவே நீரிற் கரைத்ததுதான்; அதை நாம் கணக்கிற் கொள்ளவில்லை. துடியான பிள்ளை இதைக் கேட்டால் மகிழுங்கள்.) லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் என்பது ஏறக்குறையப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஆகவே நைத்திரேற்றின் எல்லையான 50 மில்லிகிராம் நாலாங் குவளைக்கும் ஐந்தாங் குவளைக்கும் இடையிலே விழுகின்றது. சிவப்புச் சாயமே கண்ணுக்குத் தப்பத் தொடங்குமிடத்தில், நிறமற்ற நைத்திரேற்றைக் கண்ணாற் பார்த்து அறிய எண்ணுவது எங்ஙனம்?

அடுத்தது மணற்பெட்டி. தெளிவான பிளாஸ்ரிக் தொட்டியொன்றிற் கழுவிய மணலை நிரப்பி, ஒரு பக்கத்தைச் சற்று உயர்த்தி வைக்கவேண்டும். நுனியில் மெல்லிய துணி கட்டிய உறிஞ்சு குழாய்களை மணலில் நட்டால் அவையே கிணறுகள். உயர்ந்த பக்கத்தில் மெதுவாக நீர் வார்த்து, தாழ்ந்த பக்கத்தில் ஒரு சிறு துளைவழியே வடியவிட்டு, மேற்பக்க மணலில் ஒரு துளி சாயம் இடுக. அது வட்டமாக நாற்புறமும் பரவாது. நீர் செல்லும் திசையில் வால்வெள்ளியைப்போல நீண்டு செல்லும். வழியிலுள்ள கிணறு சிவக்கும். இரண்டு விரற்கடை தள்ளியுள்ள கிணறு சுத்தமாகவே இருக்கும். "என் கிணறு நல்லது, பக்கத்து வீட்டுக் கிணறு மாத்திரம் எப்படிக் கெட்டது?" என்று ஊரில் எழும் கேள்விக்குப் பிள்ளைகள் இங்கே தாமே விடை காண்பார்கள்.

இனித்தான் கணக்கு. மகன் கணக்குப் படிக்கவில்லையென்று சகோதரி குறைப்பட்டாரல்லவா? தாளும் பென்சிலும் அடிமட்டமும் எடுத்துவரச் சொல்லுங்கள்.

ஒரு கற்பனைக் கிராமம். தாளில் வடக்கு மேற்பக்கமாக இருக்க, ஒரு புள்ளி இட்டுக் கோயிற் கிணறு என்று எழுதுக. அதற்கு நேர் கிழக்கே 100 மீற்றரிற் பள்ளிக்கூடக் கிணறு. கோயிற் கிணற்றுக்கு நேர் தெற்கே 200 மீற்றரிற் சங்கக்கடைக் கிணறு. ஒரு சதமமீற்றருக்கு 20 மீற்றர் என்று கொண்டால் படம் கொப்பியில் அடங்கும். கிணற்றுக் கட்டின் மேல்விளிம்பு கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதும், அவ்விளிம்பிலிருந்து நீர்வரை எவ்வளவு கயிறு இறங்குகின்றது என்பதும் தெரியும். கோயிற் கிணற்றின் விளிம்பு 6.40 மீற்றர், கயிறு 5.20. பள்ளிக்கூடத்தில் விளிம்பு 4.10, கயிறு 3.10. சங்கக்கடையில் விளிம்பு 5.30, கயிறு 4.50. நைத்திரேற்று கோயிற் கிணற்றில் லீற்றருக்கு 18 மில்லிகிராம், பள்ளிக்கூடத்தில் 22, சங்கக்கடையில் 85.

சங்கக்கடைக் கிணற்றைக் கெடுத்தது எது? அக்கிணற்றுக்குத் தென்கிழக்கே 25 மீற்றரில் ஓர் ஏழை விதவையின் மாட்டுக் கொட்டில்; மழை நாளில் அதைக் கடந்து செல்பவர் மூக்கைப் பொத்துவார்கள். வடமேற்கே 60 மீற்றரில் ஒரு வெங்காயத் தோட்டம். சொந்தக்காரர் ஊரிற் பெரிய மனிதர், கோயில் தருமகர்த்தா என்று வைத்துக்கொள்வோம்.

மேற்கொண்டு வாசிக்குமுன் பிள்ளைகள் தம் விடையைத் தாளின் மூலையில் எழுதிவிடட்டும்.

பெரும்பாலார் மாட்டுக் கொட்டில் என்றே எழுதுவார்கள். அது கிட்ட இருக்கின்றது; நாறுகின்றது; சொந்தக்காரிக்காகப் பரிந்து பேச ஆளுமில்லை. சிலர், "கயிறு அதிகம் இறங்குங் கிணற்றிலே நீர் தாழ்ந்திருக்கின்றது, ஆகவே எல்லா நீரும் கோயிற் கிணற்றை நோக்கிச் செல்லும்" என்பார்கள். இன்னுஞ் சிலர், நிலம் பள்ளிக்கூடத்தில் மிகத் தாழ்ந்திருப்பதைக் கண்டு, நீர் அங்கேதான் செல்லும் என்பார்கள்.

கழித்துப் பார்ப்போம். கோயிற் கிணற்றில் நீர்மட்டம் 6.40இல் 5.20 போக 1.20 மீற்றர். பள்ளிக்கூடத்தில் 1.00. சங்கக்கடையில் 0.80. கயிறு அதிகம் இறங்கிய கோயிற் கிணற்றிலேயே நீர்மட்டம் மிக உயரத்தில் இருக்கின்றது! நிலம் மிகத் தாழ்ந்த பள்ளிக்கூடமோ நடுவில் நிற்கின்றது. நிலத்தின் மேடு பள்ளம் வேறு, நீரின் மேடு பள்ளம் வேறு.

இனித் திசை. கோயிலில் 1.20, சங்கக்கடையில் 0.80 என்றால், அவற்றை இணைக்குங் கோட்டின் சரிபாதியில் 1.00 இருக்கவேண்டும். அப்புள்ளியையும் பள்ளிக்கூடத்தையும் ஒரு கோட்டால் இணைத்தால், அக்கோடு முழுவதும் நீர்மட்டம் 1.00 மீற்றர். அது சமமட்டக் கோடு. நீர் அக்கோட்டுக்குச் செங்குத்தாக, உயர்ந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்குச் செல்லும். வரைந்து பாருங்கள்: வடமேற்கிலிருந்து தென்கிழக்காக அம்புக்குறி விழும். மாட்டுக் கொட்டில் அம்புக்கு முன்னே, கிணற்றைத் தாண்டிய பக்கத்தில் இருக்கின்றது. அம்பு புறப்பட்டு வரும் பக்கத்தில் இருப்பது வெங்காயத் தோட்டம்.

மூலையில் எழுதிய விடையை இப்போது எடுத்துப் பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால், இப்பாடத்தின் பயன் விளங்கும். அவள்மேற் பழி போட்டு ஒரு பஞ்சாயத்தே நடத்தி முடித்திருப்போமே என்று அது திகைக்கும்.

அப்படியானால் தருமகர்த்தாதான் குற்றவாளியா? இங்கேதான் நான் ஆசிரியர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்வது: பாடத்தை இவ்விடத்தில் நிறுத்திவிடவேண்டாம். ஒரு பிழையான முடிவிலிருந்து இன்னோர் அவசர முடிவுக்குத் தாவுவதில் என்ன இலாபம்?

சங்கக்கடைக் கிணற்றில் மின்பம்பி நாள் முழுவதும் ஓடுமாயின், அங்கே நீர்மட்டம் தாழ்ந்து, சுற்றிலுமுள்ள நீர் நாலா பக்கத்திலிருந்தும் கிணற்றை நோக்கி வரும். அப்போது கொட்டிற் பக்கத்து நீரும் திரும்பி வரலாம். துலா மிதித்து இறைத்த நம் பாட்டன்மார் காலத்தில் இவ்வளவு வலுவாக ஒரு கிணறு நீரை இழுத்ததில்லை. இரண்டாவது, நம்முடைய பாறை மணற்பெட்டியன்று. சுண்ணக்கல்லிலே நீர் வெடிப்புக்களையும் குகைகளையும் பற்றி ஓடும். அம்புக்குறி காட்டும் திசையை விட்டு விலகியும் செல்லும். மூன்றாவது, கைவிடப்பட்டு மண் மூடிய பழைய மலக்குழி ஒன்று எங்கேனும் இருக்கலாம். கிராமத்து முதியவர்களைக் கேட்டாலன்றித் தெரியாது. மாணவர் விசாரணையில் கிழவர் கிழவியரோடு பேசுவதும் ஒரு பகுதியாக இருக்கவேண்டும் என்பது இதனாலேதான்.

ஆகவே நாலாவது கிணறு வேண்டும். தோட்டத்துக்கு வடமேற்கே ஒரு கிணறு, தோட்டத்துக்குள் ஒரு கிணறு. வடமேற்கில் நைத்திரேற்றுக் குறைந்தும் தோட்டத்திலிருந்து கூடியும் இருந்தாற் சந்தேகம் வலுக்கும். மலக்கிருமிகளுக்கான சோதனையும் உதவும். அவை இருந்தால் மலக்குழியையோ கொட்டிலையோ மறுபடி நினைக்கவேண்டும். இல்லையென்பதாற் குழியைக் குற்றமற்றதென்று விட்டுவிடவும் முடியாது, ஏனெனிற் கிருமிகள் வழியிலே மாண்டிருக்கலாம், நைத்திரேற்று மாளாது. தோட்டக்காரரிடம் போய், என்ன பசளை, எத்தனை தரம், எப்போது இட்டீர்கள் ஐயா என்று பணிவாகக் கேட்கவும் வேண்டும். அவரும் அவருடைய பேரப்பிள்ளைகளும் தோட்டக் கிணற்று நீரைத்தானே குடிக்கின்றார்கள்? நம் மனத்திற் குற்றவாளியாக நிறுத்தி வைத்த மனிதரே முதலிற் பாதிக்கப்பட்டவராகவும் இருக்கக்கூடும்.

வெங்காயமும் புகையிலையும் பயிரிட்டே பிள்ளைகளைப் படிப்பித்த ஊர் நம் ஊர். பசளை இடாதே என்று ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை கமக்காரருக்குப் போதிப்பது பொருந்தாது. எவ்வளவு பசளை பயிருக்குச் சேருகின்றது, எவ்வளவு கிணற்றுக்குச் சேருகின்றது என்று அவருக்கு ஒரு கணக்குக் காட்ட முடிந்தால் அவர் நிச்சயமாகக் கேட்பார். கிணற்றிற் கரைந்து போவதும் அவருடைய காசுதானே.

கற்பனைக் கிராமத்தை விட்டு உண்மைக் கிராமத்துக்கு வரும்போது கவனிக்கவேண்டியவை சில உண்டு. நீர்மட்ட வித்தியாசம் மேற்கண்டதுபோல ஓரிரு சாண் அளவாகவே இருக்கும். ஆகையால் அளவில் நாலு விரற்கடை பிழைத்தாலும் அம்பின் திசை மாறிவிடும். எல்லாக் கிணறுகளையும் ஒரே நாள் விடியற்காலையில், எவரும் பம்பியை முடுக்குமுன் அளக்கவேண்டும். கடல்மட்டத்தைத் தேடி அலையவேண்டியதில்லை. பாடசாலை வாசற்படியை நிலையான அளவாக வைத்துக்கொண்டு, மேசன்மார் மட்டம் பார்க்கும் நீர் நிரப்பிய குழாயைக் கொண்டு ஒவ்வொரு விளிம்பும் படியிலும் எவ்வளவு உயர்வு, எவ்வளவு தாழ்வு என்று கண்டால் போதும். அளவு நாடாவின் நுனியிற் சிறு பாரம் கட்டி இறக்குக. பிள்ளைகள் கிணற்றுக் கட்டில் ஏறக்கூடாது. எட்டிப் பார்ப்பவர் பின்னால் பெரியவர் ஒருவர் நிற்கவேண்டும். இவ்விடயத்தில் எவ்வகைத் தளர்வும் ஆகாது. நைத்திரேற்றை அளக்கும் நிறமாறு தாட்கள் கிடைத்தால் ஏறக்குறைய அறியலாம். ஐயமுள்ள கிணற்று நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பித்தான் முடிவு செய்யவேண்டும். இன்ன வீட்டாரின் குழி, இன்ன வீட்டாரின் கொட்டில் என்று அறிக்கையிற் பெயர் எழுதவேண்டாம், இலக்கம் இடுக. கிணற்று நீரின் அளவை முதலில் அக்கிணற்றுக்காரருக்கே தனியாகச் சொல்லவேண்டும்.

இனிச் சகோதரிக்கு. தை மாதம் வரையிற் காத்திராமல் இக்கிழமையே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை அலுவலகத்திலோ கேட்டு, வீட்டுக் கிணற்று நீரைச் சோதிப்பிக்க வழி செய்யுங்கள். எப்படிப்பட்ட போத்தலில், எவ்வளவு நீர் எடுத்து வரவேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். மகளுக்குத் தாய்ப்பால் கொடுக்க முடிந்தால் அதைவிட மேலான பாதுகாப்பு வேறில்லை. மா கரைக்க நேர்ந்து, நைத்திரேற்று எல்லையை மிஞ்சியிருக்குமாயின், அக்கிணற்று நீரைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. கொதிக்க வைப்பதும் குளோரின் இடுவதும் இதற்கு மருந்தாகா. சோதித்து நல்லதெனக் கண்ட வேறு நீரைக் கொண்டுவருவியுங்கள்; அந்த நீரையுங் கிருமிக்காகக் கொதிக்க வைக்கத்தான் வேண்டும். குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிப்பதைக் கண்டால் ஒரு நாழிகையும் தாமதியாது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்; கிணற்று நீர் கொடுத்ததை வைத்தியரிடம் மறவாமற் சொல்லுங்கள்.

தம்பியை வாளியோடு போகவிடுங்கள். இப்போது ஒரு முறை, மாரி கழிந்தபின் மறுபடி ஒரு முறை அவன் அளக்கட்டும். மழை நிறைந்த காலத்தில் நீர்மட்டமும் அம்புக்குறியும் மாறக்கூடும். கிணறுகளுக்கு இலக்கம் மாத்திரம் இட்டு இரண்டு அளவுகளையும் இப்பக்கத்துக்கு அனுப்பிவைத்தால், இரண்டு படங்களையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்ப்போம்.